பட்டக் கடையா, பல்கலைக்கழகமா?

ஹார்வார்ட் என்ற பெயரை உலகத்தில் எந்தப் படிப்பாளியிடம் சொன்னாலும், அமெரிக்க நாட்டிலுள்ள பெரியதொரு பல்கலைக்கழகமே அவர் நினைவுக்கு வரும். அதே பெயரைக் கெடா மாநிலத்துத் தமிழர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "முதலாம் டிவிஷனா, இரண்டாம் டிவிஷனா?" என்று அவர் கேட்பார். ஏனெனில், பீடோங் வட்டாரத்தில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்துக்கும் ஹார்வார்ட் என்பதே பெயர். ஒரு ஹார்வார்டில் உலகத்தார் பட்டம் பெற்றனர். மற்றொரு ஹார்வார்டில் நம் பாட்டனும் பாட்டியும் பெற்றது நாட்கூலி.

எனினும் அந்தத் தோட்டத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானியர் யுத்தம் முடிந்த பின்னர், 1946, 1947ஆம் ஆண்டுகளில், அத்தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து வாலிபர்கள் அணிவகுத்து நின்று, குடியை ஒழிக்க வேண்டுமென்று கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். துரைமார்களுக்கும் அன்றைய சர்க்காருக்கும் அது பொறுக்கவில்லை. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசார் புகுந்தனர். தொழிலாளர் அடிபட்டனர்; சிறை புகுந்தனர்; உயிரும் இழந்தனர். ஏட்டுப் படிப்பு இல்லாதவர் மிகுந்திருந்த அந்தக் கூட்டம், தன் சமூகத்தின் நோயைத் தானே கண்டறிந்து, தானே மருந்து தேடத் துணிந்தது. அதனை நாம் மறந்துவிடலாகாது.

அதே பீடோங்குக்கு அடுத்த செமிலிங்கில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கின்றது. ஏய்ம்ஸ்ட் என்பது அதன் பெயர். 1984இல் ம.இ.கா.வின் கல்விக் கரமாக அமைக்கப்பட்ட மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகம் 2001இல் அதனைத் தோற்றுவித்தது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், வணிகம் முதலிய துறைகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஏட்டறியாத தொண்டர் படை நின்ற மண்ணிலே ஏடு கற்பிக்கும் கோயில் எழுந்தது கண்டு மகிழாத தமிழன் இருக்க முடியாது. நாமும் மகிழ்கின்றோம். ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிட நமக்கு மனமில்லை. அந்தப் பல்கலைக்கழகமும், அதனைப்போல் நம் பிள்ளைகள் நாடிச் செல்லும் தனியார் கல்விக்கூடங்களும், நமக்கு என்ன? அவற்றுக்கு நாம் என்ன? இக்கேள்விகளை எழுப்பவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஏன் பிறந்தது?

1971க்குப் பின் இந்நாட்டு அரசினர் பல்கலைக்கழகங்களில் இனவாரிப் பங்கீடு கொண்டுவரப்பட்டதை யாவரும் அறிவர். மெட்ரிகுலேஷன் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்திரருக்கு, மீதிப் பத்து இடம் ஏனையோர்க்கு என்ற கணக்கையும் அறிவர். இரவெல்லாம் கண் விழித்துப் படித்து, எல்லாப் பாடத்திலும் சிறந்த தேர்ச்சி பெற்ற தோட்டத்துப் பிள்ளை, பத்திரிகை ஆபீசுக்கு வந்து கண்ணீரோடு தன் சான்றிதழைக் காட்டி நிற்கும் படத்தை நாம் ஆண்டுதோறும் பார்த்து வந்திருக்கின்றோம். 10 பாடங்களிலும் 'ஏ' பெற்றோர் எவ்வினத்தாராயினும் மெட்ரிகுலேஷன் இடம் பெறுவர் என்று 2024இல் பிரதமர் அறிவித்தது ஓர் ஆறுதலே. ஆனால் 9 பாடத்தில் பெற்றவனுக்கும், 7 பாடத்தில் பெற்றவளுக்கும் அந்த ஆறுதல் இல்லை.

இவ்வாறு மூடப்பட்ட கதவுக்கு எதிரே 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. அச்சட்டம் வந்த பின்னரே நாடெங்கும் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பெருகின. சீனர் 1969இல் துங்கு அப்துல் ரகுமான் கல்லூரியையும், 2002இல் அப்பெயரிலேயே பல்கலைக்கழகத்தையும் பெற்றனர். நமக்கென்று செமிலிங்கில் ஒன்று கிடைத்தது. ஆகவே அது எந்தச் செல்வரின் வியாபார ஆசையிலும் பிறந்ததன்று. அநீதியில் பிறந்தது, கண்ணீரில் பிறந்தது. பிறப்பு இதுவானால் நடத்தையும் இதற்கு ஏற்றதாக இருக்க வேண்டுமன்றோ?

'தனியார்' யார்?

இங்கேதான் சில கனவான்கள் நம்மை இடைமறிக்கின்றார்கள். "ஐயா, அது தனியார் பல்கலைக்கழகம். கட்டணம் கட்டினால் படிக்கலாம். கட்ட இயலாதவர் வேறிடம் பார்க்கலாம். அதன் நிருவாகத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன பாத்தியதை?" என்கின்றார்கள்.

பாத்தியதை உண்டு என்றே நாம் சொல்கின்றோம். சட்டப் புத்தகத்தில் 'தனியார்' என்று எழுதியிருப்பது, அது அரசினருடையதன்று என்பதைக் குறிக்குமேயன்றி, எவருடைய சொந்தச் சொத்து என்பதையும் குறிக்காது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி, அச்சமூகத்தின் குறையைக் காட்டிக் கேட்டுப் பெற்றதும், அச்சமூகத்தின் பிள்ளைகளுக்கென்று கட்டியதும் எதுவோ, அது அச்சமூகத்தின் பொதுச் சொத்து. கோயில் தர்மகர்த்தா, கோயிலைத் தன் வீடு என்று சொல்லத் துணிவானா? துணிந்தவர்களும் உண்டு, அவர்களை எதிர்த்துப் போராடியதே சீர்திருத்த இயக்கத்தின் வேலையாக இருந்தது. அந்தச் சண்டையைக் கோயில் வாசலோடு நிறுத்திக்கொள்ள நமக்கு நியாயமில்லை.

நம் மக்கள் கொடாதவர்களா? சரித்திரத்தைப் பாருங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்து, தமிழுக்குரிய இடம் கைநழுவிப் போகுமோ என்ற அச்சம் தோன்றியபோது, கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பால்மரம் வெட்டுவோரும், கடைச் சிப்பந்திகளும், துறைமுகத் தொழிலாளரும் தம்மால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தனர். 1956இல் தொடங்கிய அத்துறையில் தமிழ் இடம் பெற்றது. தம் பிள்ளை அங்கே படிக்கப் போகின்றான் என்ற நம்பிக்கையும் அவர்களிற் பெரும்பாலோர்க்கு இல்லை. இருந்தும் கொடுத்தார்கள்.

1960இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் தெருவிலே நின்ற காலத்தில், வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி என்று தொழிலாளர் கொடுத்த பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. வெட்டிய மரத்துக்கே சொந்தக்காரன் ஆகலாம் என்பதைத் தொழிலாளி கண்ணாற் கண்டான்.

மூன்றாவது கதையும் உண்டு. அதனைச் சொல்ல நாக்குக் கூசுகின்றது. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தோன்றியது. சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தனர். நகையை அடகு வைத்தவர் உண்டு. கடன் பட்டவர் உண்டு. சமூகத்தின் பொருளாதாரமே உயரப் போகின்றது என்று மேடைதோறும் முழங்கினார்கள். கால் நூற்றாண்டு கழிந்தது. 2010இல் 1 வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருகிறோம், பெற்றுக்கொண்டு போங்கள் என்ற நிலை வந்தது. பங்கு வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த 80 காசையும் பார்க்காமல் கண்ணை மூடினார்களோ!

முதலிரண்டு கதைகளுக்கும் மூன்றாம் கதைக்கும் என்ன வேறுபாடு? கொடுத்தவரின் மனத்தில் வேறுபாடு இல்லை. கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று எங்கே அவன் நினைக்கும்படி செய்யப்பட்டானோ, அங்கே கெடுதல் நுழைந்தது. கணக்குக் கேட்பது தலைவரை அவமதிப்பது என்று எங்கே போதிக்கப்பட்டதோ, அங்கே பணம் கரைந்தது. நாம் செமிலிங்கின் கணக்கில் இன்ன குற்றம் என்று சாட்ட வரவில்லை. குற்றம் கண்ட பின்பு கேட்பது போலீசார் வேலை. குற்றம் நேராதபடி கேட்டுக்கொண்டே இருப்பது சொந்தக்காரன் வேலை. நாம் சொந்தக்காரர் என்பதை நாமே நம்பாத வரையில், மற்றவர் எப்படி நம்புவர்?

வாங்குவோர் குற்றம்

விற்பவரை மட்டும் வைவது எளிது. வாங்குபவரையும் நாம் விட்டுவிடப் போவதில்லை.

நம் சமூகத்தில் ஒரு பைத்தியம் பிடித்திருக்கின்றது. அதன் பெயர் 'டாக்டர்'. பிள்ளை பிறந்த அன்றே ஜாதகம் கணிக்கும் தந்தை, "வைத்திய யோகம் இருக்கின்றதா?" என்று ஜோசியரைக் கேட்கின்றார். பிள்ளைக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமா என்று கேட்பதில்லை. அவன் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரனாக இருக்கலாம்; அவள் கணக்கிலே சிங்கமாக இருக்கலாம். அதெல்லாம் தந்தைக்கு வேண்டாம். வாசற்பலகையில் 'டாக்டர்' என்ற எழுத்து வேண்டும்; கலியாணப் பத்திரிகையில் அந்த எழுத்து வேண்டும்; சம்பந்தி வீட்டாரிடம் பேரம் பேச அந்த எழுத்து வேண்டும். கல்வியை வரதட்சணைச் சந்தையின் விலைச்சீட்டாக்கிய சமூகம், பல்கலைக்கழகம் கடையாகிவிட்டது என்று குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்? வாங்குவோர் இருக்குமிடத்தில் கடை தானே முளைக்கும்.

கணக்கையும் பார்ப்போம். இந்நாட்டில் 2025இல் வகுக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. தனியார் கல்விக்கூடத்தில் மருத்துவப் படிப்பின் முழுக் கட்டணம் 300,000 வெள்ளியும், அதற்கு மேலும் ஆகின்றது. இந்தச் சம்பளம் வாங்கும் தொழிலாளி, உண்ணாமல், உடுக்காமல், வாடகை கொடாமல், வந்த சம்பளம் முழுவதையும் ஒரு காசு குறையாமல் சேர்த்தாலும், ஏறக்குறைய 15 ஆண்டு செல்லும். 1997இல் தொடங்கிய உயர்கல்விக் கடன் நிதி முழுக் கட்டணத்தையும் அடைக்கப் போதாது. மீதிக்கு என்ன வழி? வீட்டை அடகு வைக்கின்றார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கின்றார்கள். தாலியைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு தாய் நிற்கின்றாள்.

இவ்வளவும் செய்து பட்டம் பெற்ற பின்னர் நேர்வது என்ன? முப்பதுக்கு மேற்பட்ட மருத்துவக் கல்விக்கூடங்கள் இந்நாட்டில் முளைத்து, 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை போட வேண்டிய அளவுக்கு வந்தது. 2016 இறுதி முதல் இளம் டாக்டர்கள் நிரந்தர உத்தியோகத்திலன்றி ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள். 2021ஆம் ஆண்டு ஜூலை 26இல், கொள்ளை நோய்க் காலத்தின் நடுவிலே, அவர்கள் கறுப்பு உடை அணிந்து மருத்துவமனை வாசலில் வந்து நின்றதைப் பார்த்தோம். தாலியை அடகு வைத்த தாய்க்கு இதனை யார் சொன்னார்கள்? ஜோசியர் சொன்னாரா? பட்டமளிப்பு விழாவில் மாலை வாங்கிக்கொண்ட தலைவர் சொன்னாரா?

மருத்துவம் படிக்க வேண்டாம் என்பதன்று நம் கட்சி. நோயாளியிடத்தில் இரக்கமும் அத்துறையில் ஆற்றலும் உள்ள பிள்ளை, ஏழையாயினும் படித்தே தீர வேண்டும். அவை இல்லாத பிள்ளை, செல்வனாயினும் படிக்கலாகாது. ஆனால் இன்று பணமே தராசாக நிற்கின்றது. ஒரு பக்கம் அரசினர் இனத்தைத் தராசாக்கினார்கள் என்று நாம் அழுதோம். இன்னொரு பக்கம் நாமே பணத்தைத் தராசாக்கினோம். இனத்தால் தள்ளப்பட்ட தோட்டத்துப் பிள்ளை, நம்மவர் கட்டிய வாசலுக்கு வந்து பணத்தால் தள்ளப்படுவானாயின், அவனுக்கு இரு வாசலும் ஒன்றே.

உள்ளே நடப்பது என்ன?

பல்கலைக்கழகம் என்பது கட்டடமன்று. கற்பிப்போரும் கற்போரும் அச்சமின்றிக் கூடி ஆராயும் சபை அது. பெரிய பல்கலைக்கழகத்தில் பல்லாயிரம் பேர். ஆசிரியருக்கு மாணவன் ஓர் எண். சிறிய பல்கலைக்கழகத்தில் அப்படியன்று. ஆசிரியர் மாணவனைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அவன் வீட்டு நிலையை அறியலாம். அவன் ஒரு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் ஏன் என்று விசாரிக்கலாம். சிறுமை ஒரு குறையன்று. அதுவே ஒரு பாக்கியம். அந்தப் பாக்கியத்தை நாம் பயன்படுத்துகின்றோமா?

நம் பிள்ளைகள் படிக்கும் தனியார் கல்லூரிகளில் பொதுவாகக் காணப்படுவதைச் சொல்கின்றோம். தேர்வுக் கேள்விக்கு விடை உண்டு. வாழ்க்கைக் கேள்விக்கு வாதம் இல்லை. சினிமா ஆட்டப் பாட்ட இரவுக்கு மண்டபம் நிறைகின்றது. நூலகத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கின்றது. பொங்கலுக்குப் பானை வைத்துப் படம் பிடிக்கின்றார்கள். பொங்கல் ஏன் உழவன் திருநாள் என்று கேட்டால் விழிக்கின்றார்கள். படித்த பின்னும் சாதி கேட்டுக் கலியாணம். படித்த பின்னும் எலுமிச்சம்பழம் கட்டி வண்டி பூசை. சில சங்கங்களோ உதவிச் சம்பளம் கொடுப்பதிலும் தம் சாதிப் பிள்ளையைத் தேடுகின்றன. நுண்ணோக்கியில் இரத்தத்தை ஆராய்ந்த பிள்ளைக்கு, எந்தத் துளியிலாவது சாதி தெரிந்ததா என்று கேட்க விரும்புகின்றோம்.

பேச்சுரிமையின் கதையும் இதுவே. 1971இன் பல்கலைக்கழகச் சட்டமும் 1975இன் திருத்தமும் அரசினர் பல்கலைக்கழக மாணவரின் வாயைக் கட்டின. 2012இன் திருத்தம் அந்த முடிச்சைச் சற்றுத் தளர்த்தியது. தனியார் கல்லூரியில் முடிச்சுப் போடச் சட்டம் வேண்டுவதில்லை. 'கட்டணம் கட்டிய அப்பா என்ன சொல்வார்?' என்ற அச்சம் மாணவனுக்கு. 'அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா?' என்ற அச்சம் ஆசிரியருக்கு. அச்சமுள்ள ஆசிரியர் அச்சமுள்ள மாணவனுக்குக் கற்பிப்பது அறிவாகாது, மனப்பாடமே ஆகும்.

நன்மைக்கும் உதாரணம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தம் பேரவையின் மூலம் சிறுகதைப் போட்டி நடத்தி, தொகுப்பு நூல்களும் வெளியிட்டு, இந்நாட்டில் எழுத்தாளரை வளர்த்தனர். மாணவரே இதனைச் செய்தார்கள்; அமைச்சர் செய்யவில்லை. ஒரு வளாகத்தில் முடிந்தது மற்றொரு வளாகத்தில் ஏன் முடியாது?

செய்ய வேண்டிய ஆராய்ச்சி

நம் தலைவர்கள் கெடாவுக்கு வந்து மேடையேறினால், கடாரங் கொண்டான் பெருமையைப் பேசாமல் இறங்குவதில்லை. 1025இல் இராசேந்திர சோழன் படை வந்ததையும், பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கட்டடங்களின் அடித்தளம் கிடைத்ததையும் நாம் மறுக்கவில்லை. சரித்திர மாணவர் அவற்றை ஆராயட்டும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்த கப்பலை எண்ணிக் களிக்கும் நாம், இன்று அடுத்த வீட்டில் காலை இழந்து கட்டிலில் கிடக்கும் தமிழனை எண்ணினோமா?

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு ஒரு செய்தி சொல்கின்றது. இந்நாட்டு இந்தியருள் வயது வந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. எல்லா இனத்தாரினும் இதுவே மிகுதி. மூவரில் ஒருவர்! இந்த நோயே பின்னர் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது; கண்ணைக் கெடுக்கின்றது; காலை வெட்ட வைக்கின்றது. இது நம் வீட்டு நோய். இதனை ஆராயும் பொறுப்பு, எல்லாரினும் முன்னதாக, நம் பெயரால் கட்டப்பட்ட மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அன்றோ உரியது? மாணவர் குழுக்கள் ஞாயிறுதோறும் தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர் குடியேறிய அடுக்குவீடுகளுக்கும் சென்று, இரத்தத்தைச் சோதித்து, தமிழிலே உண்ணும் முறையை விளக்கினால், பிள்ளைகள் கற்பது எத்தனை! மக்கள் பிழைப்பது எத்தனை பேர்! ஒருநாள் முகாம் நடத்திப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவதை நாம் சொல்லவில்லை. ஒரே குடும்பத்தைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்து எழுதும் ஆராய்ச்சியைச் சொல்கின்றோம்.

தொண்டர் படை பீடோங்கில் கள்ளை எதிர்த்து நின்றது. அதற்கு நுண்ணோக்கி இல்லை, மருத்துவ நூல் இல்லை, பட்டம் இல்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பதைக் கண்ணாற் கண்டு எழுந்தது. இன்று நுண்ணோக்கியும் நூலும் பட்டமும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. அவற்றை ஏந்திய தொண்டர் படை எங்கே?

ஆட்சேபங்கள்

"பணமில்லாமல் பல்கலைக்கழகம் நடக்குமா?" என்று கேட்பர். நடக்காது. ஆகவேதான் பணத்தின் வழியைப் பேசுகின்றோம். அமெரிக்க ஹார்வார்ட் 1636இல் தோன்றியபோது அது காட்டோரத்துச் சிறிய கல்லூரி. 1638இல் ஜான் ஹார்வார்ட் என்ற இளம் பாதிரியார் இறக்கும்போது தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும் அதற்கு விட்டுப் போனார். அவர் பெயரே அதற்கு வாய்த்தது. அதுவும் போதவில்லை. 1644 முதல், அக்குடியேற்றங்களிலிருந்த குடும்பங்களிடம், அக்கல்லூரியின் ஏழை மாணவர்க்கென்று குடும்பத்துக்குக் கால் புஷல் தானியம் கேட்கப்பட்டது. இது நமக்குப் புதிதா? உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தருமத்துக்கென்று கலயத்தில் போடும் பிடி அரிசி வழக்கம் நம் தாய்மாருடையதன்றோ? உலகத்தின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகமும் பிடி அரிசியிலேதான் வளர்ந்தது.

அருகே சிங்கப்பூரையும் பாருங்கள். நன்யாங் பல்கலைக்கழகத்துக்குச் செல்வர் இலட்சம் கொடுத்தார். மூன்று சக்கர வண்டி மிதித்தவர் ஒருநாள் வரும்படியைக் கொடுத்தார். 1956இல் வகுப்புகள் தொடங்கின. 1980இல் அது மற்றொரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தபோது, அங்கே ஒருநாளும் படித்திராத முதியவரும் கண்ணீர் விட்டனர். ஏன்? அது அவருடையது. நம் பல்கலைக்கழகத்துக்கு நாளை ஒரு தீங்கு வருமாயின், கண்ணீர் விடும் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு துணுக்குறுகின்றது.

"அங்கே பிற இனத்தாரும் படிக்கின்றார்களே, தமிழர் உரிமை பேசலாமா?" என்றும் கேட்பர். மலாய்க்காரர் வரட்டும், சீனர் வரட்டும், கடல் கடந்தவரும் வரட்டும். அதுவே பல்கலைக்கழகத்துக்கு அழகு. ஏழைக்கு இடம் கொடு என்று நாம் கேட்பது எவ்வினத்து ஏழையையும் தள்ளுவதற்கன்று.

"இதெல்லாம் அரசியல்" என்று முகம் சுளிப்போர்க்கு ஒரே விடை: கட்சியின் கையால் பிறந்த குழந்தையிடம் அரசியல் வேண்டாம் என்று நீங்கள் சொல்வது மிகச் சரி. அதையேதான் நாமும் கேட்கின்றோம். கட்சித் தேர்தலில் தலைவர் மாறுவார். பல்கலைக்கழகத்தின் மானம் அதனோடு மாறலாகாது.

நாம் கேட்பது

சமூகத்தின் பெயரால் நடக்கும் எந்த உயர்கல்விக்கூடமும் தன் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் எளிய தமிழில் அச்சிட்டு, தோட்டத்துக் கோயில் வாசலிலும் தமிழ்ப்பள்ளிச் சுவரிலும் ஒட்ட வேண்டும். பத்து இடத்தில் ஓரிடமேனும், குறைந்த சம்பளம் பெறுவோரின் பிள்ளைக்கு, கடனாக அன்றி முழு இலவசமாகக் கொடுக்க வேண்டும். நிருவாக சபையில் ஆசிரியர், பழைய மாணவர், நன்கொடையாளர் ஆகியோர் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர் இருக்க வேண்டும். ஆசிரியர் தம் கருத்தைச் சொன்னதற்காக உத்தியோகம் இழக்க மாட்டார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் ஆராயவும் எழுதவும் வசதி வேண்டும். மருத்துவம் படிப்பவனும் நோயாளியிடம் அவன் மொழியில் பேசக் கற்க வேண்டும்.

கேட்பதோடு நாம் ஓயப் போவதில்லை; கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கின்றோம். கும்பாபிஷேகத்துக்கு இலட்சம் திரட்டத் தெரிந்த ஊருக்கு, ஊர்ப்பிள்ளை ஒருவனின் படிப்புக்குத் திரட்டத் தெரியாதா? கல்லுக்குப் பால் ஊற்றுவதைவிட, பால்மரம் வெட்டியவன் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருவது புண்ணியமன்றோ? ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு சங்கமும் தன் வருமானத்தில் ஒரு பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கிவிட்டுப் பிறகு கொடியேற்றட்டும். பெற்றோரே! கட்டணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, வேலைக்கு வழி உண்டா, உங்கள் பிள்ளைக்கு விருப்பம் உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஜோசியரைக் கேட்க வேண்டாம்.

படிக்கும் பிள்ளைகளே! உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பறைக்குச் சிறிது தூரத்தில் உங்கள் பாட்டன் வயதுடையவர்கள் அணிவகுத்து நின்று அடிபட்டார்கள். நீங்கள் பட்டமளிப்பு அங்கி அணிந்து நிற்கும் நாளில், அவர்கள் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். அங்கி வாடகைக்குக் கிடைக்கும். அந்த மானம் வாடகைக்குக் கிடைக்காது.

கடைக்காரனிடம் பொருளைப் பெற்றுக்கொண்டு விலையைக் கொடுத்தால் தொடர்பு முடிந்தது. பல்கலைக்கழகத்தோடு அப்படி முடித்துக்கொள்ள இயலாது. அது நம்முடையது என்று நாம் நினைத்தால் கணக்குக் கேட்போம், பிடி அரிசி கொடுப்போம், குறை கண்டால் சினப்போம், நிறை கண்டால் தலைமேல் வைத்துக் கொண்டாடுவோம். நம்முடையதன்று என்று நினைத்தால், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். இரண்டில் எது என்பதைச் செமிலிங்கில் இருப்போர் மட்டும் தீர்மானிக்க இயலாது. தோட்டத்திலும் பட்டணத்திலும் இதனைப் படிக்கும் தோழர்களே, நீங்கள் தீர்மானியுங்கள்.